நூற்று முப்பத்து நான்கு பாட்டில்கள்

ஜூன் 27

அன்பு அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் இருமல் விட்டதா, இல்லை இன்னும் மரப்பட்டறைத் தூசியோடு சேர்த்துத்தான் சாப்பிடுகிறாரா?

லீவு முடிந்து நகரத்துக்குத் திரும்பி மூன்று வாரம் கழித்துப் பேனாவை எடுக்கிறேன். திட்டாதே. வந்த அன்றே பன்னிரண்டு மாடிக் கட்டிடம் ஒன்றில் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பல் டாக்டரும், அவரைத் திட்டிக்கொண்டே ஒரு நோயாளியும். அவர்களை இறக்கிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் மாதம் முடியப்போகிறது.

லீவில் வந்தவன் தின்றுவிட்டுத் தூங்கிவிட்டுப் போனான் என்று நீ நினைத்துவிடக் கூடாது. பின்கதவின் கீலைச் சரிசெய்தேன். குழாய் சொட்டுவதை நிறுத்தினேன். மாமாவின் சைக்கிளுக்கு பிரேக் போட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரியாத ஒன்றும் இருக்கிறது. உன் பொதுச் சமையல்கூடத்து யானையையும் பார்த்துவிட்டேன். மழைக்காலத்துக்கு அடைத்துவைக்கும் பாட்டில் இருபதை ஒரே வாயில் விழுங்கும் அந்தக் குக்கருக்கு யானை என்று யார் பெயர் வைத்தாரோ, சரியாகத்தான் வைத்திருக்கிறார். ஆனால் அதன் பிரஷர் மீட்டர் சரியில்லை. அடுப்பே பற்றவைக்காதபோதும் முள் பூஜ்யத்துக்கு இரண்டு கோடு கீழே தொங்கிக்கொண்டிருந்தது. நீ பீன்ஸ் வாங்க வயலுக்குப் போயிருந்த நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கி, பூஜ்யத்தில் நிறுத்திவிட்டேன். உன்னிடம் சொல்ல நினைத்து மறந்தே போனேன். இனி அது பொய் சொல்லாது.

செப்டம்பரில் லிஃப்ட் இன்ஸ்பெக்டர் பரீட்சை. தேறிவிட்டால் கையில் கிரீஸ் ஒட்டாத உத்தியோகம். வேண்டிக்கொள். நீ கட்டிக் கொடுத்த இரண்டு பாட்டில் பீன்ஸும் பத்திரமாக வந்து சேர்ந்தன.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தம்பி

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமா இருமிக்கொண்டேதான் இருக்கிறார். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதம் நேற்று வந்தது. மூன்று தடவை படித்தேன். ஒன்று சொல். யானையின் மீட்டரை நீ திறந்தது எந்தக் கிழமை? இந்த வருஷம் முதல் அடுக்கு பாட்டிலை நாங்கள் அதில் ஏற்றியது நீ வந்த வாரத்துப் புதன்கிழமை. அதற்கு முன்பா, பின்பா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். நீ ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

உனக்குக் கொடுத்தனுப்பிய பீன்ஸில் உப்பு கூடிவிட்டது. சாப்பிடாதே. பக்கத்து அறைக்காரருக்கும் கொடுக்காதே. மூடியைத் திறக்காமலேயே பையில் கட்டி எறிந்துவிடு.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. தையல்காரம்மாவுக்குத்தான் கண்ணில் ஏதோ கோளாறு. ஒரு ஊசி இரண்டாகத் தெரிகிறதாம். இமையும் தொங்குகிறது. ராப்பகலாகத் தைத்தால் அப்படித்தான் ஆகும் என்கிறாள் நர்ஸ். மழைக்கு முன்னால் எல்லோரும் துணி கொடுத்துவிடுகிறார்களே, அவளும் பாவம் என்ன செய்வாள்.

பரீட்சைக்கு நன்றாகப் படி. உடனே பதில் போடு.

அக்கா

ஜூலை 8

அன்பு அக்காவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

உன் கடிதம் போலீஸ் விசாரணை மாதிரி இருக்கிறது. நான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன், மறுநாள் திங்கட்கிழமை மீட்டரைப் பார்த்தேன். ஆகவே உன் புதன்கிழமைக்கு முன்புதான். யானை நன்றாக வேலை செய்கிறதல்லவா? பிறகென்ன.

உப்பாவது கூடுவதாவது. இரண்டு பாட்டிலையும் காலி செய்துவிட்டேன். மூடியைத் திறந்து நின்றபடியே ஸ்பூன் போட்டுச் சாப்பிட்டேன். அடியில் கிடந்த தண்ணீரையும் விடவில்லை. உன் கைக்கு ஈடு உண்டா? அடுத்த லீவுக்கு நான்கு பாட்டிலாகக் கட்டிவை.

தையல்காரம்மாவை ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல். எனக்கு ஒரு சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். இரண்டாகத் தெரிந்தால் இரண்டாகவே தைக்கட்டும்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

ஜூலை 13

தம்பி,

உன்னால் எச்சில் விழுங்க முடிகிறதா? எதிரே இருக்கும் ஆள் இரண்டாகத் தெரிகிறாரா? நாக்கு குழறுகிறதா? இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே வேலையைப் போட்டுவிட்டு டாக்டரிடம் போ. வீட்டில் செய்த பாட்டில் பீன்ஸைக் கொதிக்கவைக்காமல் சாப்பிட்டேன் என்று சொல். இதே வார்த்தையில் சொல்.

அஞ்சலகத்து ஃபோனில் பேசலாம் என்று போனேன். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள். போஸ்ட் மாஸ்டரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

ஏன் என்று கேட்காதே. இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அக்கா

ஜூலை 18

அன்பு அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முதலில் அதை நம்பு. நீ நன்றாக இருக்கிறாயா என்பதுதான் இப்போது சந்தேகம்.

டாக்டரிடம் போனேன். நீ சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், என்றைக்குச் சாப்பிட்டாய் என்று கேட்டார். அப்புறம்தான் எனக்கு வெட்கமாகப் போய் உண்மையைச் சொன்னேன். உன்னிடமும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நான் அந்த பீன்ஸைத் தொடவே இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு பீன்ஸ் பிடிக்காது. நீ ஆசையாகப் போடும்போது வேண்டாம் என்று சொல்ல வாய் வராது, அவ்வளவுதான். இரண்டு பாட்டிலும் அலமாரி உச்சியில் அப்படியே இருக்கின்றன. டாக்டர் சிரித்துவிட்டு, திறக்காமல் எறியச் சொன்னார். ஏன் என்று கேட்டதற்கு, உங்கள் அக்காவுக்குத் தெரியும் போலிருக்கிறதே, அவரையே கேளுங்கள் என்றார்.

கேட்கிறேன். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. உப்பு கூடினால் கண் இரண்டாகத் தெரியுமா? தையல்காரம்மா என்ன சாப்பிட்டார்? ஒளிக்காமல் எழுது.

மாமாவின் உடம்பைப் பற்றியும் ஒரு வரி எழுது.

உன் தம்பி

ஜூலை 25

அன்புள்ள மச்சானுக்கு,

மாமா எழுதுவது. நான் நலம், இருமல் தவிர. உன் அக்கா நலமா என்று நீ கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. அதனால்தான் அவளுக்குத் தெரியாமல் பட்டறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பலகை மேல் வைத்து எழுதுகிறேன் என்று எண்ணிக்கொள்.

உன் அக்கா மூன்று வாரமாக வீடு வீடாகப் போய் பீன்ஸ் பாட்டில்களை வாங்கிக்கொண்டு வருகிறாள். ஒரு வீட்டில் மூடி சரியில்லை என்கிறாள். இன்னொரு வீட்டில் இது என் பாட்டில், மாறி வந்துவிட்டது என்கிறாள். மூன்றாவது வீட்டில் எங்கள் மூட்டை அரிசியைக் கொடுத்துவிட்டு வாங்கி வருகிறாள். கொண்டுவந்து சாப்பிட்டால்கூடப் பரவாயில்லை. கொட்டகைக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைக்கிறாள். மூடியைத் திறக்காமல், பாட்டிலோடு. இதுவரை எண்பத்து நான்கு. பக்கத்தில் நின்று எண்ணினேன். ஏன்டி என்றேன். "நீங்க கேக்காதீங்க, நான் சொல்லமாட்டேன்" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் என்னிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டென்றால் இதுதான். சொல்லி முடிக்காத விஷயங்கள் நிறைய உண்டு, அது வேறு.

ஊரில் என்ன பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். இன்னும் இரண்டு வாரத்தில் ஆறு பாலத்துக்கு மேல் ஏறிவிடும். இரண்டு மாதம் பஸ் இல்லை, சந்தை இல்லை. பாட்டிலில் அடைத்து வைத்ததுதான் சாப்பாடு. அதை ஒருத்தி வந்து அள்ளிக்கொண்டு போனால் விடுவார்களா? பாதிப் பேர் திருடி என்கிறார்கள், மீதிப் பேர் பைத்தியம் என்கிறார்கள். இப்போது அவள் தெருவில் வருவதைப் பார்த்தாலே பாட்டில்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

தையல்காரம்மாவைப் போன வாரம் பால் வண்டியில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மூச்சுவிட மெஷின் வைத்திருக்கிறார்களாம். பாட்டில் பீன்ஸில் விஷம் ஏறியிருக்கிறது என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். பாட்டிலைத் திறந்தால் பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்கவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்பது கூடத்தின் சட்டம். இந்த அம்மாள் தைத்துக்கொண்டே பக்கத்தில் வைத்துப் பச்சையாகத் தின்றிருக்கிறார். உடனே கூடத்தில் கூட்டம் போட்டார்கள். உன் அக்கா எழுந்து நின்றாள். "அந்த ஒரு அடுக்குக்கு மட்டும் நான் அடுப்பைச் சீக்கிரமா அணைச்சுட்டேன். தப்பு என்னோடது. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள். தலைவர் கூடத்துச் சாவியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டார். தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் போலீஸில் எழுதிக் கொடுக்கப் போவதாகக் கேள்வி.

மச்சான், எனக்கு இது விளங்கவே இல்லை. சுவர்க் கடிகாரத்தையே நம்பாமல் இடுப்பில் இன்னொரு கடிகாரம் வைத்துக்கொண்டு வேகவைக்கிறவள் அவள். ஒரு நிமிஷம் முன்னால் மூடியில் கை வைத்தவளைக் கரண்டியால் அடித்தவள். அவளா சீக்கிரம் அணைத்தாள்? மற்றதெல்லாம் நல்லது என்றால் எண்பத்து நான்கை ஏன் புதைத்தாள்? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது. அவளுக்கு எழுதாதே, எனக்கு எழுது.

உடம்பைக் கவனித்துக்கொள்.

மாமா

ஜூலை 30

அன்பு அக்காவுக்கு,

நலமா என்று கேட்க மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று கேட்காதே.

நேற்று முழுக்க ஒரு காகிதத்தில் அந்த மீட்டரை வரைந்துகொண்டே இருந்தேன். கோடு கோடாக. கண்ணாடியின் மேல் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி இருந்தது. வேகவைக்க வேண்டிய அழுத்தத்துக்கு அச்சடித்த குறிக்கு இரண்டு கோடு கீழே. யாரோ பிள்ளைகள் வைத்தது என்று நினைத்துச் சுரண்டக்கூடப் பார்த்தேன், போகவில்லை. அது பிள்ளைகள் வைத்தது இல்லையே? குக்கர் கம்பெனி ஆள் வந்து சோதித்துவிட்டு, முள் இரண்டு கோடு குறைவாகக் காட்டுகிறது, இந்தப் புள்ளிக்கு வந்தால் போதும், உள்ளே அழுத்தம் சரியாக இருக்கும் என்று வைத்துவிட்டுப் போனதுதானே?

நான் முள்ளைச் சரிசெய்தேன். நீங்கள் வழக்கம்போலப் புள்ளியில் நிறுத்தினீர்கள். அப்படியானால் இந்த வருஷம் யானையில் ஏறிய ஒவ்வொரு பாட்டிலும் அரைகுறையாகத்தான் வெந்திருக்கிறது. ஒரு அடுக்கு இல்லை. எல்லா அடுக்கும்.

என் முதல் கடிதத்தைப் படித்த அன்றே உனக்கு இது தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்னிடம் உப்பு கூடிவிட்டது என்று எழுதினாய். ஊரிடம் அடுப்பைச் சீக்கிரம் அணைத்தேன் என்றாய். உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதத் தெரியவில்லை. என்மேல் வந்த கோபம் அதைவிடப் பெரியது.

அக்கா, மற்றதெல்லாம் நல்லது என்று நீ சொன்னதை அவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். நாளைக்கே கூடத்தில் போய் உண்மையைச் சொல். என் பெயரைச் சொல். நீ சொல்லாவிட்டால் நான் எழுதுவேன்.

உன் தம்பி

ஆகஸ்ட் 3

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். ஆறு படித்துறையின் இரண்டாவது படிக்கு வந்துவிட்டது. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.

நீ சொன்னது சரி. அந்தப் புள்ளியைக் கம்பெனி ஆள் வைத்தபோது நான்தான் பக்கத்தில் நின்றேன். நகப்பூச்சு கொடுத்ததே நான்தான். அப்படியிருக்க முள் பூஜ்யத்தில் நிற்பதை நான் கவனித்திருக்க வேண்டாமா? முப்பது தடவை அந்த மீட்டரைப் பார்த்தேன். புள்ளியை மட்டும்தான் பார்த்தேன். ஆகவே பொய் ஒன்றும் பெரிதாகச் சொல்லிவிடவில்லை, தப்பு என்னோடதுதான்.

நீ யாருக்கும் எழுதாதே. தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் இன்னும் போலீஸுக்குப் போகவில்லை. போனால் பிரஷர் மீட்டரைக் கேட்காமல் திறந்தவன் என்று உன் பெயர் காகிதத்தில் ஏறும். அப்புறம் உன்னை எந்த லிஃப்டைப் பார்வையிட விடுவார்கள்? எட்டு வருஷம் கிரீஸில் கிடந்தாய். நான் ஐம்பது வயதுக்காரி. என்னிடமிருந்து ஒரு சாவியைத்தான் பிடுங்க முடியும், பிடுங்கியாகிவிட்டது.

இந்த வருஷம் செய்தது நூற்று முப்பத்து நான்கு. உன்னிடம் இரண்டு. நான் விழித்துக்கொள்வதற்குள் ஆறு செலவாகிவிட்டது, தையல்காரம்மா திறந்ததையும் சேர்த்து. எண்பத்தொன்பதைப் புதைத்துவிட்டேன். முப்பத்தேழுதான் பாக்கி. எந்த வீட்டில் எத்தனை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் கொடு, ஒவ்வொன்றாக வாங்கிவிடுவேன்.

அந்த இரண்டையும் எறிந்துவிட்டாயா? அதை முதலில் எழுது. பீன்ஸ் பிடிக்காது என்று முப்பது வருஷமாக ஒருவன் சொல்லாமல் இருப்பானா? நீயும் என்னைப் போலத்தான்.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா

ஆகஸ்ட் 7

பொதுச் சமையல்கூடத் தலைவர் அவர்களுக்கும் கூடத்தைச் சேர்ந்த அனைவருக்கும்,

வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும் என்ற கவலையில் இதை எழுதுகிறேன். தயவுசெய்து இந்தக் கடிதம் வந்த நாளிலேயே கூட்டத்தைக் கூட்டி, எல்லோரும் கேட்கும்படி சத்தமாகப் படித்துவிடுங்கள்.

நான் உங்கள் கூடத்தில் வேலை பார்த்த அம்மாவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மே மாதம் லீவில் வந்தபோது யாரையும் கேட்காமல் பெரிய குக்கரின் மீட்டரைத் திறந்து முள்ளை இரண்டு கோடு தள்ளி வைத்தேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. அதனால் சிவப்புப் புள்ளியின் கணக்கு தப்பாகிவிட்டது. இந்த வருஷம் அதில் வேகவைத்த எந்த பாட்டிலும் சரியாக வேகவில்லை. பார்ப்பதற்கு நன்றாக இருக்கலாம், வாசனையும் நன்றாக இருக்கலாம். அப்படியும் உள்ளே விஷம் இருக்கலாம். இதுவரை சாப்பிட்ட மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருந்தால் அது கொதிக்கவைத்ததால்தான்.

வீட்டில் இருக்கும் பாட்டில்களைத் திறக்காதீர்கள். ருசிகூடப் பார்க்க வேண்டாம். ஆட்டுக்கும் கோழிக்கும் போடாதீர்கள். எல்லாவற்றையும் என் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அவர் அடுப்பைச் சீக்கிரம் அணைத்ததாகச் சொன்னது உண்மையில்லை. என்னைக் காப்பாற்றச் சொன்னது. அவர் உங்கள் வீடுகளில் பாட்டில் எடுத்தது உங்களைக் காப்பாற்ற.

தையல்காரம்மாவின் வீட்டாரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. போலீஸில் கொடுப்பதானால் என் விலாசத்தைக் கொடுங்கள். கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக் கதவுகளையும் அந்த லீவில் சரிசெய்து கொடுத்தவன்

செப்டம்பர் 15

அன்பு அக்காவுக்கு,

நலமா? பதில் வராமலே உனக்கு நான் போடும் இரண்டாவது கடிதம் இது. போன மாதக் கடைசியில் போட்டதற்கும் பதில் இல்லை. பாலம் மூழ்கிவிட்டது, தபால் மூட்டை அக்கரையிலேயே கிடக்கிறது என்று இங்கே அஞ்சலகத்தில் சொல்கிறார்கள். கூடத்துக்கு நான் எழுதியது பாலம் மூழ்குவதற்கு முன்னால் வந்ததா, பின்னாலா? அதையும் கேட்டேன். எங்களுக்கு எப்படி அய்யா தெரியும் என்கிறார்கள். நியாயந்தான்.

தினமும் ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறேன். ஏழாம் தேதி போட்டேன், நான்கு நாளில் போயிருக்கும். போயிருந்தால் படித்திருப்பார்கள். படித்திருந்தால் நம்பினார்களா? நம்பாவிட்டால்? இதற்கு மேல் மண்டை ஓடுவதில்லை. தெருவில் யாராவது கண்ணைக் கசக்கினால் நின்று பார்க்கிறேன்.

என் மேலதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர், பரீட்சையை எழுது, பிறகு பார்க்கலாம் என்றார். எழுதினேன். அளவுக் கருவி ஒன்றைத் திருத்தினால் முதலில் செய்ய வேண்டியது என்ன என்று ஒரு கேள்வி. அதைப் பயன்படுத்துகிறவரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் எழுத முடியாமல் உட்கார்ந்திருந்தேன். தேறுவேனா என்று தெரியவில்லை. அது பெரிதாகவும் தோன்றவில்லை.

அந்த இரண்டு பாட்டிலையும் எறிந்துவிட்டேன். ஒரு வரியாவது எழுது. மாமாவையாவது எழுதச் சொல்.

உன் தம்பி

அக்டோபர் 4

அன்புத் தம்பிக்கு,

முந்தாநாள்தான் பாலம் தலை காட்டியது. உன் இரண்டு கடிதமும் ஒன்றாக வந்தன. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். ஊரில் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் மூச்சு விடு.

தையல்காரம்மா போன வாரம் படகில் வந்து இறங்கிவிட்டாள். இடது இமை இன்னும் பாதி மூடித்தான் இருக்கிறது. வீட்டுக்காரர் ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறார், அவள் தைக்கிறாள். போலீஸுக்குப் போகவில்லையா என்று யாரோ கேட்டதற்கு, "துணி குவிஞ்சு கிடக்கு, இதுல அதுக்கு வேற அலையணுமா" என்றாளாம். நான் இன்னும் நேரே போய்ப் பார்க்கவில்லை. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

உன் கடிதத்தைக் கூடத்தில் பள்ளிக்கூட வாத்தியார் படித்தார். படித்து முடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முள்ளைத் தொட்ட உன் தப்பு என்று சிலர். பூஜ்யத்தைப் பார்க்காத என் தப்பு என்று சிலர். மீட்டரை மாற்றாமல் நகப்பூச்சு வைத்துவிட்டுப் போன கம்பெனிக்காரன் தப்பு என்று மாமா. ஒரு மணி நேரம் கத்தியும் ஒரு முடிவுக்கும் வரவில்லை. ஆனால் மறுநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் பாட்டில்கள். கட்டிலடியிலிருந்தும் வைக்கோலிலிருந்தும் எடுத்துக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முப்பத்தைந்து. என்னைத் திருடி என்று சொன்னவளே குழி தோண்டக் கடப்பாரை கொண்டுவந்தாள். இந்த மழைக்கு எல்லோரும் அரிசியும் பருப்பும் பங்கிட்டுச் சாப்பிட்டோம். ஒல்லியாகிவிட்டோம், வேறொன்றும் இல்லை. தலைவர் சாவியை என் கையில் கொடுத்து, தம்பிக்காகப் பழியைச் சுமந்தவள் என்று என்னென்னவோ பேசினார். கை தட்டினார்கள்.

இனி எழுதப்போவதை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை.

உன் கடிதம் கூடத்தில் வாசிக்கப்பட்டது ஒரு சனிக்கிழமை. ஆனால் அது ஊருக்கு வந்தது செவ்வாய்க்கிழமை. கூடத்துக் கடிதத்தை எப்போதும் என்னிடம் கொடுத்தே பழகிய தபால்காரர், சாவி போன பிறகும் என்னிடமே கொடுத்துவிட்டார். உறையில் உன் கையெழுத்தைப் பார்த்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று திறக்காமலே தெரிந்துவிட்டது. அரிசி டப்பாவுக்குள் வைத்து மூடினேன். பாக்கி பாட்டிலை நானே வாங்கிவிட்டால் இந்தக் கடிதம் தேவைப்படாது, உன் பரீட்சையும் முடிந்துவிடும் என்று நினைத்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஒரு பாட்டில்கூடக் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை பாலம் மூழ்கியதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. சனிக்கிழமை காலையில் கொண்டுபோய், இப்போதுதான் வந்தது என்று தலைவரிடம் கொடுத்தேன்.

முப்பத்தேழில் முப்பத்தைந்துதான் வந்தது என்று எழுதினேன் அல்லவா? மீதி இரண்டு எங்கே என்று ஒன்றரை மாதமாகத் தேடினேன். நான்கு நாளுக்கு முன்னால் எதிர்வீட்டு கண்டக்டரின் மனைவி வந்தாள். மூன்று பிள்ளைக்காரி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒரு அடுக்குதான் கெட்டது, மத்ததெல்லாம் நல்லதுன்னு நீங்க சொன்னீங்களேன்னு அந்த நம்பிக்கையில ரெண்டு பாட்டிலத் திறந்துட்டேன்கா. கடிதம் படிக்கிறதுக்கு மூணு நாள் முன்னாடி, புதன்கிழமை. பிள்ளைங்க பசின்னு நச்சரிச்சதுல அப்படியே போட்டுடப் பார்த்தேன். அப்புறம் உங்க கரண்டி அடி ஞாபகம் வந்துச்சு, பத்து நிமிஷம் கொதிக்க வெச்சேன். என் பிள்ளைங்களைக் காப்பாத்துனது நீங்கதான்" என்றாள். பயத்தில் இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லையாம்.

புதன்கிழமை, தம்பி. உன் கடிதம் என் அரிசி டப்பாவில் இருந்தது.

இன்று காலை சாவியைத் தலைவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஏன் என்றார். முடியவில்லை என்றேன். அவருக்குப் புரியவில்லை. தங்கமான பொம்பளை, அடக்கம் ஜாஸ்தி என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமாவுக்கும் புரியவில்லை, ஆனால் பெருமையாக இருக்கிறார்.

கூடத்தில் எழுந்து நின்று இதையும் சொல்லிவிட வேண்டுமா? சொல் என்று நீ எழுதினால் சொல்லிவிடுகிறேன். அதுவரை எதிர்வீட்டைத் தாண்டிப் போக முடியாமல் சுற்றுப் பாதையில்தான் தண்ணீருக்குப் போகிறேன். அந்தப் பிள்ளைகள் மூன்றும் என்னைத் தூரத்தில் பார்த்தாலே ஓடிவந்து குடத்தைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டு வருகின்றன. அவர்கள் அம்மா சொல்லி அனுப்புகிறாள். நான் என்ன செய்வேன், எழுது.

அக்கா